ஈச்சங்காட்டில் பதினெட்டுப் பேர் நடந்தார்கள்

வளப்பூர் நாடு, கொல்லிமலை
11.11.2024

அனுராதா மேடம் அவர்களுக்கு,

ஈச்சங்காட்டுப் பேருந்து நவம்பர் 4, திங்கட்கிழமை காலையிலிருந்து ஓடவில்லை. வண்டி பழுதா என்று செம்மேடு பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளரிடம் கேட்டேன். பழுது இல்லை, தடமே ரத்து என்றார். சுவரில் ஒட்டியிருந்த ஆணையைப் படித்துக்கொள்ளவும் விட்டார். காரணம் ஒரே வரியில் இருக்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை காலை டிரிப்பில் சராசரியாக ஒன்பது பயணிகள். குறைந்தது இருபத்திரண்டு பேர் வேண்டும்.

இதை வாட்ஸப்பில் நான்கு முறை அனுப்பினேன். நான்கையும் நீங்கள் படித்ததாக நீலக்குறி காட்டுகிறது. பதில் இல்லை. ஆகவே பதிவுத் தபாலில், ஒப்புதல் அட்டையோடு எழுதுகிறேன்.

பின்னால் யாரும் வேறு மாதிரிச் சொல்லக்கூடாது என்பதற்காக நடந்ததை வரிசையாக வைக்கிறேன். ஜூன் கடைசியில் சேலத்திலிருந்து உங்கள் ஆய்வு மையம் எங்கள் பள்ளிக்கு வந்தது. இந்த வயதுப் பிள்ளைகள் உடம்பை அசைப்பது குறைந்துவிட்டது, பெரியவர்கள் சொன்னால் எடுபடாது, கூடப் படிக்கிறவர்கள் சொன்னால் எடுபடும் என்றீர்கள். அறுபத்திரண்டு பேருக்கு மணிக்கட்டில் காலடியை எண்ணும் பட்டை கட்டினீர்கள். யார் கூப்பிட்டால் நீ போவாய் என்று ஆளுக்கு மூன்று பெயர் எழுதச் சொன்னீர்கள். அதிகம் பேர் எழுதிய பெயர் சுகுணா. ஈச்சங்காட்டுப் பெண், பன்னிரண்டாம் வகுப்பு, வேளாண் பிரிவு. அவள் ஓட்டக்காரி அல்ல. உடற்கல்வி ஆசிரியனாக ஒரு போட்டிக்கும் நான் அவளை அழைத்துப் போனதில்லை. ஆனால் அவள் எழுந்தால் பக்கத்தில் இருப்பவர்களும் எழுவார்கள். அதை உங்கள் கணினி சரியாகவே கண்டுபிடித்தது.

சேர்ந்து நடக்கும் குழுவுக்கு நாள்தோறும் நட்சத்திரம் கொடுத்தீர்கள். காலையில் பஸ் ஏறினால் அந்தக் குழுவுக்கு அன்றைய நட்சத்திரம் கிடையாது என்ற விதி உங்களுடையது. நானும் ஆட்சேபிக்கவில்லை. ஜூலை 8 முதல் ஈச்சங்காட்டுப் பெண்பிள்ளைகள் பதினெட்டுப் பேரும் காலையில் நடந்து வந்தார்கள். நாலரை கிலோமீட்டர். பின்னால் பஸ் வந்தால் ஒதுங்கி நின்று கையாட்டுவார்கள். மாலையில் மட்டும் அதில் திரும்புவார்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாச் சீட்டு. ஆனால் சீட்டுக் கிழித்தால்தான் தலை எண்ணிக்கை. ஒன்பதோடு பதினெட்டைக் கூட்டினால் இருபத்தேழு வருகிறது.

அந்த ஊர் பதினோரு வருடம் மனுப் போட்டு 2022-இல் பெற்ற பேருந்து அது. இப்போது மழைக்காலம். ஓடையில் தண்ணீர் ஏறினால் குறுக்குவழி கிடையாது. பன்னிரண்டாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு ஐந்தரைக்கு முடிகிறது, ஆறேகாலுக்கு இருட்டிவிடுகிறது. தீபாவளிக்கு முந்தின வாரம் பலாத்தோப்பு வளைவில் கரடியைப் பார்த்ததாக மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள்.

எனக்கு வேண்டியது ஒரு கடிதம். பிள்ளைகள் பஸ் ஏறாதது தேவை இல்லாததால் அல்ல, உங்கள் திட்டத்தின் விதியால் என்று மையத்தின் முத்திரையோடு ஒரு பக்கம். மறுபரிசீலனை மனுவுக்குக் கடைசி நாள் நவம்பர் 29.

இப்படிக்கு,
முருகானந்தம்


சேலம்
19.11.2024

சார்,

நான்கையும் படித்தேன். ஒவ்வொரு முறையும் பதில் எழுதத் தொடங்கி அழித்தேன். இந்தக் கடிதமும் மூன்றாவது தாள்.

பேருந்தை நான் யோசிக்கவே இல்லை. அடிவாரத்தில் எங்கள் ஊரில் பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி. நான் ஏறாவிட்டால் அந்த வண்டிக்கு ஒன்றும் ஆகாது, அது பாட்டுக்குப் போகும். அதே நினைப்பில் மலைக்கும் ஒரு விதி எழுதிவிட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு முறை வரும் வண்டி, ஏறுகிற தலைகளை நம்பித்தான் வருகிறது என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

கடிதம் தருவதில் எனக்குத் தடை இல்லை. ஆனால் முத்திரை இயக்குநரிடம் இருக்கிறது. இரண்டாம் கட்டத்துக்கு, இருபது பள்ளிகளுக்கு, டிசம்பரில் ஒப்புதல் வர வேண்டும். இந்த நேரத்தில் நம் திட்டத்தால் ஒரு ஊர் பேருந்தை இழந்தது என்று நாமே எழுதிக் கொடுப்பதா என்று கேட்கிறார். நான் பேசிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. செப்டம்பரில் திட்டம் முடிந்த பிறகும் பட்டைகளைப் பிள்ளைகளிடமே விட்டிருக்கிறோம், பழக்கம் நிற்கிறதா என்று பார்க்க. நவம்பர் முதல் வாரத்தில் ஈச்சங்காட்டுப் பிள்ளைகளின் நாள் சராசரி பதினோராயிரத்து நானூறு அடி. திட்டத்தின் எந்த வாரத்திலும் இவ்வளவு வந்ததில்லை. இயக்குநர் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறார். பஸ் நின்றதால் வந்த எண்ணிக்கை அது என்று சொன்னேன். "எப்படி நடந்தா என்னம்மா, நடந்தது நடந்ததுதானே" என்றார்.

அனுராதா


வளப்பூர் நாடு
28.11.2024

மேடம்,

இன்று காலை ஈச்சங்காட்டுப் பெண்கள் பதினெட்டுப் பேரில் பள்ளிக்கு வந்தவர்கள் பதினோரு பேர். வருகைப் பதிவேட்டை நானே பார்த்தேன்.

நான் கேட்ட முத்திரைக் கடிதம் இன்னும் வரவில்லை. மனுவின் கடைசி நாள் நாளை. கடிதம் இல்லாமலே இன்று மதியம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஈச்சங்காட்டில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். உட்கார இடம் கொடுத்தார்கள், காப்பி கொடுத்தார்கள். அதன்பிறகு கண்ணாயி பேசினார். அவர் வாரம் இருமுறை மரவள்ளி மூட்டையைப் பஸ்ஸில் போட்டுச் செம்மேட்டுக்குக் கொண்டுபோகிறவர்.

"ஏனுங்க வாத்தியாரே, இந்தப் புள்ளைங்க ஆசைக்கு நடந்துதுங்க. நட்சத்திரம் குத்துனீங்க. இப்ப நான் முப்பது கிலோவத் தலைல வெச்சுக்கிட்டு நடக்கறேன். எனக்கு எத்தன நட்சத்திரமுங்க?"

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

சுகுணாவின் அம்மா பெருமாயி எழுந்தார். "எம் புள்ள ஒருத்தி சொல்லி கவர்மெண்டு பஸ்ஸு நின்னுபோச்சுங்களா? அவ்வளவு பெரிய ஆளா அவ?"

"பெரிய ஆளுதான். அவ வா-ன்னாத்தான எம் புள்ள எறங்கி நடந்தா" என்றார் பின்னால் இருந்து ஒருவர். "மழை தூறுது, பஸ்ஸுல போ சாமின்னு நான் தொண்ட கிழியக் கத்துனேன். சுகுணாக்கா திட்டும்னுட்டு ஓடுறா."

சுகுணா சுவரோரம் நின்றாள். யாரும் கேட்காமலே பேசினாள். "நாந்தாங்க கூப்பிட்டேன். நடக்கச் சொன்னாங்க, நடந்தோம். இப்படி ஆவும்னு யாருமே எங்களுக்குச் சொல்லலீங்க." அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தாள்.

ஊர்க்கவுண்டர் முடிவு சொன்னார். டிசம்பர் முதல் பெண்பிள்ளைகள் யாரும் சிறப்பு வகுப்புக்கு இருக்கக்கூடாது. பகல் வகுப்புக்கு அனுப்புவதும் நிறுத்துவதும் அவரவர் வீட்டு விருப்பம். ஆண்பிள்ளைகளுக்குத் தடை எதுவும் இல்லை. அவர்களை பைக்கில் ஏற்றிக்கொள்ள ஆள் இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பில் மட்டும் அந்த ஊர்ப் பெண்கள் ஐந்து பேர். மார்ச் 3-ஆம் தேதி பொதுத்தேர்வு. ஈச்சங்காட்டிலிருந்து இதுவரை ஒரு பெண்ணும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதியதில்லை. பஸ் வந்தபிறகு படித்து வந்த முதல் ஐந்து பேர் இவர்கள்தான்.

முருகானந்தம்


சேலம்
9.12.2024

சார்,

கடிதம் இணைத்திருக்கிறேன். முத்திரை இருக்கிறது. படித்தால் கோபப்படுவீர்கள். நான் எழுதிக் கொடுத்த வரி: "மாணவிகள் பேருந்தைத் தவிர்த்ததற்கு எங்கள் திட்டத்தின் விதியே காரணம்." கையெழுத்தாகி வந்த வரி: "பயணிகள் எண்ணிக்கைக் குறைவுக்கு, வேறு பல காரணங்களோடு, எங்கள் விழிப்புணர்வு நடைகளும் ஓரளவு பங்களித்திருக்கக்கூடும்." ஒன்றும் இல்லாததற்கு இது பரவாயில்லை என்று அனுப்புகிறேன். பரவாயில்லையா என்று எனக்கே தெரியவில்லை.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது.

பட்டையைக் கட்டிய பிள்ளை, நாங்கள் பள்ளியில் வைத்திருக்கும் போனுக்குப் பக்கத்தில் வந்தால்தான் அவளுடைய எண்ணிக்கை எனக்கு வரும். வராதவளின் கட்டம் வெள்ளையாக நிற்கும். நீங்கள் எழுதிய அந்த ஏழு பேர் முதலிலேயே வெள்ளை; எல்லாரும் ஒன்பது, பத்தாம் வகுப்புச் சின்னப் பிள்ளைகள். டிசம்பர் 3, செவ்வாய்க்கிழமை, சுகுணாவின் கட்டமும் வெள்ளையானது. நான்காம் தேதி, அவளோடு பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ராதிகா. அவள் எழுதிய மூன்று பெயர்களில் முதல் பெயர் சுகுணா. அதே நாள் இன்னொருத்தி. ஐந்தாம் தேதி மூன்று பேர். ஜூன் மாதம் யார் கூப்பிட்டால் போவாய் என்று கேட்டு நாங்கள் வரைந்த படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சுகுணாவிலிருந்து புறப்படும் கோடுகளின் வழியே, கோடு தவறாமல், ஒவ்வொருத்தியாக நின்றிருக்கிறார்கள்.

நடப்பது எந்த வழியில் பரவுமோ அந்த வழியிலேயே நிற்பதும் பரவும். இதில் புதிதாக ஒன்றும் இல்லை. பயிற்சி வகுப்புகளில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரு திசையில் மட்டும் சொல்லிக் கொடுத்தேன்.

சுகுணா ஏன் நின்றாள்? உடம்பு சரியில்லையா?

அனுராதா


வளப்பூர் நாடு
16.12.2024

மேடம்,

மனு நிராகரிக்கப்பட்டது. 12-ஆம் தேதி பணிமனை மேலாளரே நேரில் சொன்னார். எழுத்திலும் கொடுத்திருக்கிறார்.

உங்கள் கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். "ஓரளவு", "கூடும்" என்ற இரண்டு சொற்களின் அடியில் பேனாவால் கோடு போட்டார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சுவரொட்டியை எடுத்து விரித்தார். செப்டம்பரில் உங்கள் மையம் அச்சிட்டது. எட்டுப் பெண்கள் சாலையில் நடக்கிறார்கள், முன்னால் சுகுணா சிரித்துக்கொண்டு வருகிறாள். கீழே, "பஸ் வேண்டாம், நாங்கள் நடப்போம்."

"புள்ளைங்களே வேண்டாங்குது சார். நான் எதுக்குங்க வெறும் வண்டிய மலையேத்தறது?" என்றார். கெட்ட மனிதர் அல்ல. அந்தச் சிறிய வண்டியை வேறு தடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே முப்பது பேர் ஏறுகிறார்களாம். அவர்களுக்கும் பள்ளிக்கூடம் இருக்கிறது. மாவட்ட அளவில் ஒரு குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடித் தடங்களைப் பார்க்கும், அங்கே மேல்முறையீடு செய்யலாம் என்றார். செய்திருக்கிறேன்.

சுகுணாவுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. 14-ஆம் தேதி அவள் வீட்டுக்குப் போனேன். அவளைத் தண்ணீர்க் குழாயடியில் யாரும் முன்னால் விடுவதில்லை என்று பெருமாயி சொன்னார். திட்டுவதில்லை, அடிப்பதில்லை. அவள் போனால் பேச்சை நிறுத்துகிறார்கள். பின்னால் நிற்கிறாள், கடைசியாகப் பிடித்துக்கொண்டு வருகிறாள். முன்பு அவள் வரும்வரை காத்திருந்து கூட வந்தவர்கள்தான்.

"பள்ளிக்கூடம் போனா அதுங்களும் பின்னாலயே வரும் சார்" என்றாள் சுகுணா. "வழில ஒண்ணுக்கு எதாச்சும் ஆனா, அதுக்கும் நாந்தான். நான் போவாம இருந்தா யாரும் வர மாட்டாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

பட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். இந்த உறையில் இருக்கிறது.

இன்று வருகை நான்கு.

முருகானந்தம்


சேலம்
30.12.2024

சார்,

சனிக்கிழமை மலைக்கு வந்திருந்தேன். உங்களுக்குச் சொல்லாமல் வந்தேன். சொன்னால் நீங்கள் கூட வருவீர்கள், உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஊருக்குள் போக எனக்குத் தைரியம் இல்லை.

பிரிவுச் சாலையிலிருந்து நடந்தேன். ஒரு மணி இருபது நிமிடம் ஆனது. ஓடையில் முழங்காலுக்குத் தண்ணீர். நான்கு தரம் உட்கார்ந்தேன். இந்தப் பாதைக்கு "மிதமானது" என்று நான்தான் படிவத்தில் எழுதியிருக்கிறேன். பள்ளியின் வாசலிலிருந்து பார்த்துவிட்டு எழுதினேன்.

பெருமாயி மிளகுக்கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னதும் தெரிந்துகொண்டார்.

"பட்டை குடுத்தது நீங்கதானுங்களா. உக்காருங்க. நடந்தா வந்தீங்க?"

"ஆமாங்க."

"உங்களுக்கும் அந்தக் கணக்கு ஏறுங்களா?"

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. சுகுணா எங்கே என்று கேட்டேன். டிசம்பர் 22 அன்று அவள் அப்பா சின்னராசுவோடு குடகுக்குப் போய்விட்டாள். காப்பிப் பழம் பறிக்க. அந்த ஊர் ஆட்கள் வருடம்தோறும் போவதுதானாம், ஆனால் சுகுணா இதுவரை போனதில்லை.

"பரீட்சை இருக்குதேங்க" என்றேன்.

"இங்க இருந்தா மட்டும் பரீட்சைக்குப் போயிருவாளுங்களா? பேச்சுத் தொணைக்கு நாலு பேரு இல்லாம என்ர புள்ள சோறு திங்காது. அங்க போனா பழம் பறிக்கற ஆளுங்க கூட்டமா இருக்கும். எதாச்சும் பேசுவா." ஒரு கொடியைக் கட்டி முடித்துவிட்டுச் சொன்னார்: "நீங்க வேற யாரையாச்சும் புடிச்சிருக்கலாமுங்க. யார் பேச்சும் எடுபடாத ஒருத்தியாப் பாத்து."

திரும்பும்போது செம்மேட்டில் பழைய நடத்துநர் சின்னுசாமியைப் பார்த்தேன். ஈச்சங்காட்டுத் தடத்தில் இரண்டு வருடம் இருந்தவர். எண்ணிக்கை குறைகிறதை யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டேன். "ஏன் சொல்லாம? ஆகஸ்ட் மாசமே வாத்தியாருகிட்டச் சொன்னனுங்களே" என்றார்.

உங்கள் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். அதில் ஆகஸ்ட் இல்லை.

அனுராதா


வளப்பூர் நாடு
8.1.2025

மேடம்,

சின்னுசாமி சொன்னது உண்மை. தேதி ஆகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை. காலை எட்டே முக்கால். பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார்.

"வாத்தியாரே, வாரத்துல ரெண்டு நாளாச்சும் புள்ளைங்கள ஏறச் சொல்லுங்க. எண்ணிக்கை ஒம்போதுலயே நிக்குது. மேல கேக்கறாங்க" என்றார். நான் யோசிப்பதைப் பார்த்து, "ஏறாட்டியும் பதினெட்டுச் சீட்டு கிழிச்சுக்கட்டுங்களா?" என்றும் கேட்டார். பொய்ச் சீட்டு வேண்டாம் என்றேன். அது சரியாகத்தான் சொன்னேன். பிள்ளைகளை ஏறச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. "அக்டோபர்ல எல்லாரும் ஏறிக்குவாங்க, அதுக்குள்ள என்ன ஆயிரப்போவுது" என்றேன்.

அந்த வாரம், உங்கள் கேடயத்துக்குப் போட்டியிட்ட ஏழு பள்ளிகளில் எங்கள் பள்ளி முதலிடத்தில் இருந்தது. இரண்டாவது பள்ளிக்கும் எங்களுக்கும் முப்பத்தொரு நட்சத்திரம்தான் வித்தியாசம். இருபத்துநான்கு வருட வேலையில் நான் ஒரு கேடயம் வாங்கிக் கொடுத்ததில்லை. மைதானமே சாய்வாக இருக்கும் பள்ளி இது, பந்து போட்டால் மிளகுத் தோட்டத்துக்குள் போய் நிற்கும். சுகுணாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாரம் இரண்டு நாள் பதினெட்டுப் பேரும் பஸ்ஸில் வந்திருப்பார்கள். நான் சொல்லவில்லை. மறக்கவில்லை மேடம். சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

அக்டோபரில் அவர்கள் ஏறினார்கள். நாளுக்கு இருபத்தொன்பது பேர் போனார்கள். ஆணை ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைதான் எண்ணியது.

நடந்ததை வரிசையாக வைக்கிறேன் என்று முதல் கடிதத்தில் எழுதினேன். ஆகஸ்ட் 13-ஐ எடுத்துவிட்டு வைத்தேன்.

ஜனவரி 5 அன்று ஈச்சங்காட்டுக்குப் போய், நடத்துநர் எச்சரித்ததையும் நான் மறைத்ததையும் ஊர்க்கவுண்டர் முன்னால் சொன்னேன். கண்ணாயி எழுந்து போனார். பெருமாயி மட்டும், "இத அன்னிக்குக் கூட்டத்துல சொல்லியிருந்தா அவ குடகுக்குப் போயிருக்க மாட்டாளுங்க சார்" என்றார். சத்தம் போடவில்லை.

கேடயம் தலைமையாசிரியர் அறையில் இருக்கிறது.

முருகானந்தம்


சேலம்
27.1.2025

சார்,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் உங்கள் மேல் கோபம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு நாள் கோபமாக இருந்தேன். அப்புறம் நவம்பரில் நான் எழுதி எழுதி அழித்த பதில்கள் ஞாபகத்துக்கு வந்தன.

ஜனவரி 20 அன்று மாவட்டக் குழுவுக்கு என் பெயரில், முத்திரை இல்லாமல், எழுதியிருக்கிறேன். பஸ் விதியின் நகல், பதினெட்டுப் பேரின் அன்றாட எண்ணிக்கை, டிசம்பரில் ஒவ்வொருத்தியும் நின்ற தேதி எல்லாம் சேர்த்திருக்கிறேன். மையத்தின் தகவலை அனுமதியில்லாமல் கொடுத்ததாகச் சொல்லிவிட்டார்கள். ஜனவரி 31-இல் என் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்க மாட்டார்கள்.

இரண்டாம் கட்டத்துக்கு ஒப்புதல் வந்துவிட்டது. ஜூன் முதல் இருபது பள்ளிகள், அதில் ஒன்பது மலைப் பள்ளிகள். பஸ் விதியை எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை வந்த கையேட்டில் விதி அப்படியே இருக்கிறது. ஈச்சங்காட்டின் நவம்பர் எண்ணிக்கையை முதல் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள்.

பெருமாயியிடம் நம்பர் வாங்கி குடகுக்குப் பேசினேன். ஆறாவது முறைதான் லைன் கிடைத்தது.

"மேடம், இங்க காலைலேருந்து சாயந்தரம் வரைக்கும் ஏத்தந்தான்" என்றாள் சுகுணா. "பட்டை கட்டியிருந்தா இந்த எஸ்டேட்டே முதல் எடம் வந்திருக்கும்." சிரித்தாள். பின்னால் யாரோ இரண்டு பெண்களும் சிரித்தார்கள்.

செய்முறைத் தேர்வு பிப்ரவரி 12 என்று சொன்னேன். அப்பாவிடம் பேசி பஸ் ஏற்றிவிடச் சொல்கிறேன், செம்மேட்டில் நானே வந்து நிற்கிறேன் என்றேன்.

"ராதிகா பரீட்சைக்குப் போறாளா மேடம்?"

தெரியாது என்றேன்.

"அவ போனா சொல்லுங்க. வாரேன்."

நீங்கள் ராதிகாவைப் பார்க்க முடியுமா?

அனுராதா


வளப்பூர் நாடு
17.2.2025

மேடம்,

பிப்ரவரி 12 அன்று நடந்த வேளாண் செய்முறைத் தேர்வுக்கு ஈச்சங்காட்டுப் பெண்கள் ஐந்து பேரில் ஒருத்தி வந்தாள். அவளுடைய மாமா காலையில் பைக்கில் கொண்டுவந்து விட்டு, முடியும்வரை வெளியே நின்றார். மற்ற நால்வரின் பெயருக்கு எதிரே வெளித்தேர்வாளர் சிவப்பு மையில் "வரவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். தாளை நான் பார்த்தேன். அந்த நால்வரில் சுகுணாவும் ராதிகாவும் உண்டு.

நீங்கள் எழுதியபடி ராதிகாவை மூன்று முறை பார்த்தேன். முதல் முறை வீட்டுக்குள் இருந்துகொண்டு வெளியே வரவில்லை. இரண்டாம் முறை மரவள்ளிக் காட்டில் அம்மாவோடு கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். படிக்கிறாயா என்றேன். படிப்பதாகச் சொன்னாள். புத்தகத்தைக் கேட்டேன், எடுத்து வந்து காட்டினாள். மூன்றாம் முறை, பிப்ரவரி 15 அன்று, என் மனைவியோடு போனேன். தேர்வு முடியும்வரை எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளட்டும், நால்வருக்கும் இடம் இருக்கிறது என்று என் மனைவி சொன்னாள். ராதிகாவின் அம்மாவுக்கு ஆட்சேபணை இல்லை. "புள்ள இஷ்டமுங்க" என்றார்.

ராதிகா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சுகுணா வந்தா வாரேன் சார். அவள இங்கேருந்து தொரத்திட்டு நான் மட்டும் போய் எழுதினா நல்லாவா இருக்கும்?"

"நீ துரத்தவில்லையே" என்றேன்.

"கொழாயடில நானும்தான சார் பேசாம நின்னேன்."

நேற்று மாலை சுகுணாவிடம் போனில் பேசினேன். ராதிகா சொன்னதைச் சொன்னேன். "அவ மொதல்ல போகட்டும் சார். நான் வந்து, அவ வராம, மறுபடி நான் கூப்பிட்டு அவ வந்தா, அப்புறம் எதுன்னாலும் என்ர தலைலதான் வரும். இனி நான் யாரையும் கூப்பிட மாட்டேன்" என்றாள். மற்ற இருவர் வீட்டுக்கும் போனேன். அவர்கள் ராதிகா போனால் போகிறோம் என்கிறார்கள். ஒவ்வொருத்தியின் பதிலையும் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். யாருடைய பதிலும் மாறவில்லை.

இனி முடிவாக வேண்டியவை. செய்முறைத் தேர்வுக்கு வராதவர்களுக்கு பிப்ரவரி 21, காலை ஒன்பதரைக்கு ஒரு வாய்ப்பு உண்டு. குடகிலிருந்து வர ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும், எனவே சுகுணா 19-ஆம் தேதிக்குள் புறப்பட வேண்டும். நான்கு பேரின் ஹால் டிக்கெட்டும் அலுவலக அலமாரியில் இருக்கின்றன. நேரில் வந்து கையெழுத்திட்டுத்தான் வாங்க வேண்டும். கடைசி நாள் பிப்ரவரி 28, மாலை ஐந்து மணி. மாவட்டக் குழு பிப்ரவரி 26 காலை நாமக்கல்லில் கூடுகிறது. பத்தொன்பது தடங்கள் பட்டியலில் இருக்கின்றன, ஈச்சங்காடு பதினான்காவது. உங்கள் கடிதம் கோப்பில் சேர்ந்திருக்கிறது, அங்குள்ள எழுத்தர் எண்ணைப் படித்துக் காட்டினார். கூடிய நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் முடிவை எழுத்தில் தருவார்கள்.

முதல் தேர்வு மார்ச் 3. குழு முடிவு தரக் கடைசி நாள் மார்ச் 13.

முருகானந்தம்